சிறைக்குள் வைத்தியம் கிடைக்காமல் போனதற்கு வழக்குப் போட முடியுமா? அண்ணனுக்கு இரண்டு விரல் போய்விட்டது

#1 மாலதி_கொரடாச்சேரி

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனுக்கு 54 வயது. சீட்டுப் பண வழக்கு ஒன்றில் கைதாகி ஐந்து மாதம் ஒரு மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தார். அந்த வழக்கில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும், இங்கே வேண்டாம். 16 வருஷமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். உள்ளே போன மூன்றாவது வாரம் புது ரப்பர் செருப்பு கடித்து வலது காலில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. மனு பார்க்கப் போனபோது (ஜெயிலில் ஆளைப் பார்க்கப் போவதற்கே மனு என்றுதான் பெயர்) கம்பிவலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து காலைத் தூக்கிக் காட்டினார். அந்த வலையில் முகமே சரியாகத் தெரியாது, கால் எங்கே தெரியும்? “சின்னதுதான், களிம்பு போட்டாங்க” என்றார்.

பத்து நாள் கழித்துப் போனேன். செருப்பு இல்லை, காலில் கைலித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அவர் பக்கத்தில் நின்று தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பையன் மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு தள்ளி நின்றான். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. “டாக்டர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிட்டாரு, கூட்டிட்டுப் போகத்தான் போலீஸ் வரல” என்றார் அண்ணன். எழுதி 19 நாள் கழித்துத்தான் கூட்டிப் போயிருக்கிறார்கள். கட்டைவிரலையும் அடுத்த விரலையும் அன்றே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறார். வீட்டுக்குள் நடக்கும்போது செருப்பு முன்னால் நழுவி நழுவிப் போகிறது, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்கிறார். உள்ளூர் வக்கீல், “மெயின் கேஸ் முடியட்டும், இப்ப எதுக்கு ஜெயிலைப் பகைச்சுக்கிட்டு” என்கிறார். இதற்கு யார் மேலாவது வழக்குப் போட முடியுமா? யாராவது போட்டிருக்கிறீர்களா?

#2 நேர்பட_பேசு

மாலதி, கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என் மாமியார் காலில் புண்ணோடு அரசு ஆஸ்பத்திரித் திண்ணையில் காலையில் இருந்து மதியம் வரை உட்கார்ந்துவிட்டு, நாளைக்கு வா என்று சொல்லித் திரும்பி வந்தவர். எந்தத் தப்பும் செய்யாத ஏழைக்கே நம் நாட்டில் வைத்தியம் இவ்வளவுதான். ஜெயிலில் இருப்பவருக்கு அதைவிட ஒரு படி மேலே வேண்டும் என்று கேஸ் போடுவீர்களா? சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களிலும் சர்க்கரைக்காரர்கள் இருப்பார்கள்.

#3 கறுப்புக்கோட்டு

நேர்பட, மேலே வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் மாமியாருக்கு அந்தத் திண்ணை சரிப்படவில்லை என்றால் கடன் வாங்கியாவது ஆட்டோ பிடித்து இன்னொரு டாக்டரிடம் போகலாம். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரையாவது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கைதிக்கு அதற்கும் வழி இல்லை. பூட்டை வைத்திருப்பவர் கையில்தான் மருந்தும் இருக்கிறது, அதனால்தான் அங்கே கடமை கூடுகிறது. அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சிறை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1978, 1980 சுனில் பத்ரா தீர்ப்புகளில் இருந்தே சொல்லி வருகிறது.

அப்புறம், மாமியாருக்கும் சட்டம் இருக்கிறது. ரயிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை மேற்கு வங்கத்தில் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை என்று திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996இல் 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், நிதி இல்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றது. பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கு.

மாலதிக்கு: வழக்கு நிற்கும், எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் கேள்வி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். எல்லோருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை அந்தச் சட்டத்தில் ‘சேவை’ ஆகாது என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். டாக்டர் மேல் கிரிமினல் புகார் என்றால் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு குறுக்கே நிற்கும். அப்பட்டமான அலட்சியம் என்று காட்ட வேண்டும், அதற்கு இன்னொரு டாக்டரின் கருத்தும் வேண்டும். சிவில் வழக்குப் போடலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவுப்படி அரசுக்கு நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் காத்திருந்து, பிறகு வழக்குத் தாக்கல் செய்து, உங்கள் பேரப்பிள்ளை தீர்ப்பை வாங்கிக்கொள்ளலாம்.

மிஞ்சுவது அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட், அதாவது உரிமை மீறலுக்காக நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. உரிமை மீறலுக்கு அரசே பணம் கொடுக்க வேண்டும் என்று ரிட்டிலேயே உத்தரவிடும் வழக்கம் 1983 ருதுல் ஷா வழக்கில் தொடங்கியது. விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகும் பீகார் சிறையில் 14 வருஷம் கிடந்தவர் அவர், கிடைத்தது மொத்தம் 35,000 ரூபாய். 1993இல் ஒடிசாவின் நீலபதி பெஹரா வழக்கில் அந்த வழி உறுதிப்பட்டது. போலீஸ் பிடித்துப் போன 22 வயது மகன் மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்ததற்கு அந்தத் தாய்க்கு 1.5 லட்சம்.

ஆனால் ரிட்டில் சாட்சிக் கூண்டு கிடையாது, எல்லாமே காகிதம்தான். நாங்கள் அன்றே பார்த்தோம், அன்றே மருந்து கொடுத்தோம் என்று ஜெயில் தரப்பு ஒரு பதில் மனு போட்டுவிட்டால், ‘உண்மை எது என்பதிலேயே தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது? டாக்டர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதினார் என்பதை அண்ணன் வாயால் சொல்கிறார். எங்கே எழுதினார், எந்தத் தேதியில்?

#4 மருந்துச்சீட்டு

நான் ஒரு மத்திய சிறை ஆஸ்பத்திரியில் 11 வருஷம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சிறை என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிற ஆள்.

தங்கச்சி, அந்த 19 நாளை நான் கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஜெயில் டாக்டர் ‘மேல் சிகிச்சைக்கு அனுப்பவும்’ என்று எழுதிவிட்டார் என்றால் அவர் வேலை முடிந்தது. கைதியை வெளியே கொண்டுபோக வார்டர்கள் போவதில்லை. கண்காணிப்பாளர் ஆபீஸில் இருந்து வழிக்காவல் (எஸ்கார்ட்) கேட்டு மாவட்டக் காவலுக்கு, மாநகரம் என்றால் கமிஷனர் ஆபீஸுக்கு, கடிதம் போக வேண்டும். ஆயுதப்படையில் இருந்து ஆள் வர வேண்டும். மந்திரி வருகிறார், தேர்த்திருவிழா, கட்சி மாநாடு என்று ஏதாவது வந்தால் அத்தனை பேரும் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். இருக்கிற நாலு பேரைக் கோர்ட் வாய்தாவுக்கு அனுப்புவார்கள், ஏனென்றால் வாய்தாவுக்கு ஆளைக் கொண்டுபோகாவிட்டால் நீதிபதி கேட்பார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் யார் கேட்கிறார்கள்? காலையில் எட்டு மணிக்கே குளித்துச் சட்டை மாட்டி கேட் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பதினொரு மணிக்கு ‘இன்னிக்கு எஸ்கார்ட் இல்லப்பா’ என்று சொன்னதும் எழுந்து பிளாக்குக்குத் திரும்புவார்கள். இதை வாரம் தவறாமல் பார்த்தேன். டயாலிஸிஸ் ஆட்கள்கூட அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்சுலின் கதை தனி. ராத்திரிச் சாப்பாட்டை லாக்-அப்புக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவோம், ஆறு மணிக்குக் கதவு பூட்டியாகிவிடும். ஊசியைக் கைதி கையில் கொடுக்க முடியாது, வரிசையில் நிற்க வைத்து நாங்களே போடுவோம். ஊசி சீக்கிரம், சாப்பாடு நேரம் தவறினால் சர்க்கரை இறங்கி ராத்திரி வேர்த்துக் கொட்டும். பக்கத்துக் கைதி தட்டை எடுத்துக் கம்பியில் தட்டுவான். அதற்குப் பயந்தே பல பேர் ஊசி வரிசைக்கு வராமல் இருந்துவிடுவார்கள். ரெஜிஸ்டரில் நாங்கள் ‘மறுத்தார்’ என்று எழுதுவோம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே உங்கள் வழக்கைக் கவிழ்க்கப் பார்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

டாக்டரை எதிர்த்துப் போகாதீர்கள். அவர் எழுதிய அந்த ஒற்றை வரிதான் உங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி. ‘ஹிஸ்டரி டிக்கெட்’ என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு கைதிக்கும். 1894ஆம் வருஷத்துச் சிறைச் சட்டம் 38ஆவது பிரிவுப்படி, மருந்து கொடுக்கச் சொல்வது போன்றவை தவிர, டாக்டர் சொல்வதெல்லாம் அதில் ஏற வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதையும் ஜெயிலர் அதிலேயே எழுத வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அவன் கில்லாடி.

#5 ஆஸ்டின்_ராஜா

மருந்துச்சீட்டு ஐயா எழுதியதைப் படித்ததும் இங்கே டெக்சஸ் வழக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் கைதிகளின் மருத்துவ வழக்கு எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான்: எஸ்டெல் எதிர் கேம்பிள், 1976.

1973 நவம்பரில் ஹன்ட்ஸ்வில் சிறையில் லாரியில் இருந்து பஞ்சுப் பொதி இறக்கும்போது ஒரு பொதி கேம்பிள் என்ற கைதி மேல் விழுந்தது. முதுகு போய்விட்டது. வேலைக்குப் போக முடியாது என்றதற்குத் தனிக்கொட்டடித் தண்டனை. கையாலேயே மனு எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அது உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பு, கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது கொடூரமான தண்டனைக்குச் சமம், அரசியல் சட்டத்தின் எட்டாவது திருத்தத்துக்கு விரோதம் என்றது. இன்று வரை அதுதான் அளவுகோல்.

இதில் விசித்திரம், டாக்டருக்கு எதிரான வாதத்தில் கேம்பிள் தோற்றார். மூன்று மாதத்தில் 17 தடவை அவரை மருத்துவப் பணியாளர்கள் பார்த்திருந்தார்கள். முதுகை எக்ஸ்ரே எடுக்கவில்லை என்பது அவர் புகார். எடுக்கலாமா வேண்டாமா என்பது டாக்டரின் முடிவு, அது தப்பாகவே இருந்தாலும் வெறும் வைத்தியப் பிழைதான், அரசியல் சட்ட மீறல் ஆகாது என்றது கோர்ட். அவர் பெயரில் வந்த விதியால் பிறகு எத்தனையோ பேர் ஜெயித்தார்கள், அவருக்கு அது உதவவில்லை.

அதே தீர்ப்பில் மாலதிக்குத் தேவையான ஒரு வரி இருக்கிறது. டாக்டர் மட்டும் குற்றவாளி ஆவதில்லை. சிகிச்சைக்குப் போக விடாமல் தெரிந்தே தாமதிக்கும் காவலரும், டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு அதில் குறுக்கே நிற்கும் காவலரும் அதே கணக்கில்தான் வருவார்கள். ‘எழுதிக் கொடுத்த பிறகு’ என்பதைக் கவனியுங்கள். அண்ணன் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

#6 நேர்பட_பேசு

ராஜா, தெரிந்தே என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? வழிக்காவல் கேட்டுக் கடிதம் போட்டோம், ஆள் இல்லை என்று பதில் வந்தது, எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஜெயில் போலீஸைக் காட்டும், போலீஸ் மேலிடத்தைக் காட்டும்.

(முதல் பதிவில் நான் எழுதியது கொஞ்சம் கரடுமுரடு. அந்தக் காலைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன்.)

#7 ஆஸ்டின்_ராஜா

நியாயமான கேள்வி. இங்கேயும் 1994 ஃபார்மர் எதிர் பிரென்னன் தீர்ப்பு அதை இன்னும் கடினமாக்கிவிட்டது. ஆபத்து இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்த அதிகாரிக்கே அது தெரிந்திருந்தது என்றும் காட்ட வேண்டும். பத்தாததற்கு 1996இல் ஒரு சட்டம் போட்டார்கள். சிறைக்குள்ளேயே இருக்கும் புகார் முறையைக் கடைசிப் படி வரை முடிக்காமல் கோர்ட் பக்கமே வரக்கூடாது. டெக்சஸில் முதல் படிவத்தை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் பெரும்பாலும் அதோடு வழக்கு காலி. காய்ச்சலில் படுத்திருப்பவன் 15 நாள் கணக்கை எங்கே பார்த்துக்கொண்டிருப்பான்?

ஆள் ஆளைக் காட்டும் கதை முழுச் சிறைத்துறை அளவிலும் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 33 சிறைகள், சுமார் 80,000 பேருக்குக் கட்டிய இடத்தில் 1,56,000 பேர். வைத்தியத்துக்காகக் காத்திருக்கும் 50 பேரைப் பன்னிரண்டுக்கு இருபது அடிக் கூண்டில் ஐந்து மணி நேரம் வரை நிறுத்தி வைத்தார்கள். தடுத்திருக்கக் கூடிய சாவு ஆறேழு நாளுக்கு ஒன்று. பணமில்லை, டாக்டர் கிடைக்கவில்லை, இடமில்லை என்று வருஷக்கணக்கில் சொன்னார்கள். கடைசியில் 2011இல் பிரவுன் எதிர் பிளாட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அப்படியானால் ஆளைக் குறை என்று சொல்லிவிட்டது. கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

#8 பனையடி

நான் அதிகம் எழுதுவதில்லை. என் அப்பா ஒரு கிளைச் சிறையில் ரிமாண்டில் இருந்தபோது நெஞ்சு வலி வந்து செத்துப்போனார். 2014. சாயங்காலமே வலிக்கிறது என்று சொன்னாராம், வாயு என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்களாம். விடிய மூன்றரைக்கு ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ், கோர்ட் என்று அலைந்து எங்களுக்குக் கடைசியில் கிடைத்த காகிதத்தில் ‘இயற்கை மரணம்’ என்று இருந்தது. அதற்கு மேல் யாரிடம் போவது என்று தெரியவில்லை, அம்மாவும் போதும் என்றுவிட்டார். இப்போது படிக்கும்போதுதான் அந்த வார்த்தையைக் கேள்வி கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

#9 கறுப்புக்கோட்டு

பனையடி, நீங்கள் கேட்காத கேள்வியை உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது. 1,382 சிறைகளின் நிலைமை பற்றிய வழக்கு, 2017 செப்டம்பர், நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா. சரியான நேரத்தில் சரியான வைத்தியம் கிடைக்காமல் ஒரு கைதி இறந்தால் அதை இயற்கை மரணம் என்பதா, இயற்கைக்கு மாறானது என்பதா, இந்தப் பிரிவினையே தெளிவாக இல்லையே என்று எழுதினார்கள். 2012 முதல் 2015 வரை இயற்கைக்கு மாறாக இறந்த கைதிகளின் குடும்பங்களைக் கண்டறிந்து இழப்பீடு தர, உயர் நீதிமன்றங்கள் தாமாகவே வழக்கு எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உங்கள் அப்பா இறந்த வருஷம் அதற்குள் வருகிறது. ஆனால் அந்தக் காகிதத்தில் இருக்கிற ‘இயற்கை’ என்ற சொல் உங்களை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைக் கணக்கைப் பாருங்கள். அந்த வருஷம் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர். அதில் 1,773 இயற்கை என்ற தலைப்பில். அந்த இயற்கையில் 1,670 நோயால். இதில் எத்தனை பேர் கேட் பக்கத்தில் எஸ்கார்ட்டுக்காகக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

மருந்துச்சீட்டு ஐயா சொன்ன அதே 1894 சட்டத்தில் 15ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. கைதி இறந்தால் டாக்டர் உடனே ஒரு ரெஜிஸ்டரில் எழுத வேண்டியவை: முதன்முதலில் என்றைக்கு நோய் என்று சொன்னார், அன்று என்ன வேலை செய்துகொண்டிருந்தார், என்ன சாப்பாடு, என்றைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், டாக்டருக்கு என்றைக்குத் தகவல் வந்தது, சாவதற்கு முன் டாக்டர் கடைசியாக எப்போது பார்த்தார். ‘முதலில் சொன்ன நாள்’, ‘டாக்டருக்குத் தெரிந்த நாள்’. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் போதும். அந்த ரெஜிஸ்டரின் நகலைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? அதோடு காவலில் மரணம் என்றால் நீதித்துறை நடுவர் விசாரணை செய்திருக்க வேண்டும், அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 176(1ஏ), இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 196. தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போயிருக்க வேண்டும், அந்தக் கோப்பும் எங்கோ இருக்கும். தாமதமாகிவிட்டது என்று நிச்சயம் சொல்வார்கள். ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

#10 சின்னவர்_பார்அசோசியேஷன்

சீனியருக்கு மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. ரிட்டுக்கு முன்னால் மாநில மனித உரிமைகள் ஆணையம் ஏன் கூடாது? கட்டணம் இல்லை, வெள்ளைத்தாளில் எழுதினால் போதும், ஆணையமே கோப்புகளை வரவழைத்துப் பார்க்கும், சாட்சியும் கேட்கும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது, வெறும் அறிவுரை என்று தள்ள முடியாது. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும்தான் கண்டிப்பு.

கோவை மத்திய சிறை வழக்கே இருக்கிறதே. தசைச்சிதைவு நோய் உள்ள ஒரு வழக்கறிஞர் அங்கே அடைக்கப்பட்டிருந்தார், தன் உடல்நிலைக்குத் தேவையான சத்துணவும் வசதியும் கிடைக்கவில்லை என்று ஆணையத்துக்குப் போனார். ஆணையம் 1 லட்சம் என்றது, உயர் நீதிமன்றம் 5 லட்சம் ஆக்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் (முருகானந்தம் எதிர் தமிழ்நாடு அரசு) தொகையை அதற்கு மேல் கூட்டவில்லை. விருப்பப்பட்ட உணவையெல்லாம் கைதி உரிமையாகக் கேட்க முடியாது என்றும் சொன்னது. ஆனால் தமிழ்நாட்டுச் சிறைகள் எல்லாவற்றுக்கும் உத்தரவு போட்டது: மாற்றுத்திறனாளி கைதியை உள்ளே வரும்போதே அடையாளம் காண வேண்டும், சாய்தளம், கழிப்பறை, பிசியோதெரபிக்கு இடம் எல்லாம் இருக்க வேண்டும்.

#11 கறுப்புக்கோட்டு

சின்னவர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், பாதி. ஆணையத்தில் தேதி கிடைப்பதற்குள் இன்னொரு செருப்பு தேய்ந்துவிடும். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்டவும் முடியாது, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை ஆணையம் தொடாது. மாலதி ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதுவானாலும் முதல் வேலை ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. அண்ணன் பெயரிலேயே, அவர் கையெழுத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அந்தச் சிறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். நீங்கள் உங்கள் பெயரில் கேட்டால் ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று திருப்பிவிடுவார்கள். கேட்க வேண்டியது ஹிஸ்டரி டிக்கெட்டின் எல்லாப் பக்கமும், சிறை ஆஸ்பத்திரி வெளிநோயாளி ரெஜிஸ்டரில் அவர் பெயர் வரும் பக்கங்கள், வழிக்காவல் கேட்டு அனுப்பிய கடிதங்கள், வந்த பதில்கள். கடைசி இரண்டுதான் உயிர். நேர்பட கேட்ட ‘தெரிந்தே’ என்பதற்கு விடையும் அதில்தான் இருக்கிறது. எங்களுக்கு ஆள் இல்லை என்று எழுத்தில் பதில் வந்திருந்தால், ஆளுக்கு வைத்தியம் தேவை என்பது இரண்டு ஆபீஸுக்கும் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஜெயிலா போலீஸா என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும், ரிட்டில் எதிர்மனுதாரர் அரசு, இரண்டு ஆபீஸும் அதற்குள்தான்.

உள்ளே ஆள் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள்: ரிமாண்ட் நீட்டிப்பு 15 நாளுக்கு ஒரு முறை வரும், பெரும்பாலும் வீடியோவில், அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் கைதி வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். அன்றே உங்கள் வக்கீல் ஒரு பக்க மெமோ போட்டு, மருத்துவமனைக்கு அனுப்ப உத்தரவு கேட்க வேண்டும். வக்கீல் இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, 15100க்கு அடித்தால் வழி சொல்வார்கள். அப்புறம் வழிக்காவல் எப்படி வருகிறது பாருங்கள், நீதிபதி கேட்பார் இல்லையா.

#12 வெட்டிப்பேச்சு

வழிக்காவல் இல்லை, ஆள் இல்லை எல்லாம் நமக்குத்தான். 2023 ஜூனில் ஒரு அமைச்சரை அமலாக்கத்துறை கைது செய்த மறுநாளே அவர் குடும்பம் கேட்ட தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்ற உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. அப்போது எஸ்கார்ட் எங்கிருந்து வந்ததாம்?

#13 சின்னவர்_பார்அசோசியேஷன்

அவருக்கு அங்கே பைபாஸ் நடந்தது. பிறகு உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் கேட்ட ஜாமீனைக் கோர்ட் கொடுக்கவில்லை. அவருக்கு ஏன் கிடைத்தது என்று கேட்பதைவிட, அடுத்த கைதிக்கும் அதே வேகத்தில் உத்தரவு கேட்பதுதான் வக்கீல் வேலை. அரசியல் பேச வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாமே.

#14 மருந்துச்சீட்டு

எல்லோருமே ஆபரேஷனையும் எஸ்கார்ட்டையும் பேசுகிறோம். எனக்கு ஸ்டான் சுவாமி பாதிரியார் ஞாபகம் வருகிறது. திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்தவர், ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபரில் கைது, மும்பைக்குப் பக்கத்தில் தலோஜா சிறை. 83 வயது, நடுக்குவாதம், டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சட்டையில்தான். நவம்பர் 6ஆம் தேதி ஒரு உறிஞ்சு குழலும் உறிஞ்சு கோப்பையும் கேட்டு மனுப் போட்டார். பதில் சொல்ல, அவரைக் கைது செய்த என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) 20 நாள் கேட்டது. 20 நாள் கழித்து, அந்தக் குழலையும் கோப்பையையும் அவரிடம் இருந்து நாங்கள் எடுக்கவே இல்லை என்றது. வெளியே ஜனங்கள் சிறை விலாசத்துக்கு உறிஞ்சு குழல்களைப் பார்சலில் அனுப்ப ஆரம்பித்தார்கள். 2021 ஜூலை 5, உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அந்தக் குழல் எங்கள் ஸ்டோரில் நூறு கிடக்கும். டாக்டர் ஒரு சீட்டில் எழுதினால் நான் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். அது ஏன் கோர்ட் வரை போனது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

#15 மாலதி_கொரடாச்சேரி

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். இன்சுலின் வரிசை பற்றி மருந்துச்சீட்டு ஐயா எழுதியதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “நானும் நாலு நாள் வரிசைக்குப் போகல” என்றார். காரணம் அதேதான், ராத்திரி மயக்கம். இதை வக்கீலிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

#16 கறுப்புக்கோட்டு

சொல்லுங்கள். முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள், காரணத்தோடு. அவர்கள் ‘மறுத்தார்’ என்ற வார்த்தையை எடுத்து வைப்பதற்கு முன்னால் நாம் ‘ஏன் மறுத்தார்’ என்பதை வைத்துவிட வேண்டும். ஆர்.டி.ஐ. இன்றே போகட்டும்.

#17 மாலதி_கொரடாச்சேரி (நான்கு மாதம் கழித்து)

இழை கீழே போய்விட்டது, தேடி எடுத்தேன். முதல் ஆர்.டி.ஐ.க்குப் பதிலே இல்லை. மேல்முறையீடு போட்ட பிறகு 23 பக்கம் வந்தது. ஹிஸ்டரி டிக்கெட்டில் டாக்டர் எழுதிய வரி இருக்கிறது, தேதியோடு, கீழே கோடு போட்டு ‘அவசரம்’ என்று. அதற்குப் பிறகு வெவ்வேறு தேதியில் மூன்று இடத்தில், வேறு வேறு கையெழுத்தில், ‘வழிக்காவல் வரப்பெறவில்லை’. அண்ணன் சொன்ன 19 நாள் சரியாக இருக்கிறது, ஒரு நாள்கூடக் கூடவில்லை, குறையவில்லை. ‘மறுத்தார்’ என்பதும் நாலு இடத்தில் இருக்கிறது, ஐயா சொன்னது போலவே.

ரிட் போட்டாகிவிட்டது, எண் விழுந்துவிட்டது. அரசு வக்கீல் பதில் மனுவுக்கு நேரம் கேட்டிருக்கிறார், இரண்டாவது தடவையாக. உள்ளூர் வக்கீல் முதலில் முகம் சுளித்தார், அந்த மூன்று கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

நேர்பட அண்ணா தனிச்செய்தியில் சர்க்கரைக்காரர்களுக்கான செருப்பு தைக்கும் இடம் ஒன்று சொன்னார். போய் அளவு கொடுத்துவிட்டு வந்தோம். விரல் இல்லாத இடத்தில் பஞ்சு வைத்துத் தருகிறார்களாம்.

#18 கறுப்புக்கோட்டு

நல்லது. அந்த மூன்று பக்கத்தையும் எனக்கு அனுப்பியிருந்தீர்கள், இரண்டாவது சரியாகத் தெரியவில்லை. கையெழுத்துக்குக் கீழே பதவி முத்திரை இருக்கிற மாதிரி இருக்கிறது. நாளைக்குப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்து, இன்னொரு தடவை படம் எடுத்து அனுப்புங்கள்.